ஆளுக்கு இருபது நிமிடம்

மேட்டுத் தெருக்காரர்களுக்கு இறங்குவதற்கு மட்டும்தான் அவசரம். ஏறுவதற்கு யாருக்கும் அவசரம் கிடையாது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததே இந்த ஒரு குணத்தால்தான்.

விஷயம் இதுதான். அந்த நகரத்தில் முந்நூறு வாடகைக் கார்கள் ஓடுகின்றன. டிரைவர் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தால் வண்டி சும்மா நிற்கிறது என்று அர்த்தம். போனில் அமுக்கினால் விளக்கு சிவப்பாகும், கதவு திறக்கும். நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். போன இடத்தில் ஓரமாக விட்டுவிட்டு நம் பாட்டுக்கு நடையைக் கட்டலாம். எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விடு என்று யாரும் கழுத்தில் துண்டைப் போட மாட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் மேட்டிலிருந்து பத்து வண்டி இறங்கினால், சாயங்காலம் அதை எடுத்துப் போனவர்கள் பஸ்ஸிலோ, சிநேகிதர் ஸ்கூட்டரிலோ, கதை பேசிக்கொண்டு கால்நடையாகவோதான் ஏறி வருகிறார்கள். பத்து வண்டியும் ரயில் நிலையத்துப் பின்புறத் திடலில் தேமே என்று நிற்கும். மறுநாள் காலைக்குள் அவற்றை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் சின்னவள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மதியம் ஒரு மணிக்கு வேலையைத் தொடங்குவாள். மடக்குகிற சைக்கிள் ஒன்றை டிக்கியில் போட்டு வண்டியை மேலே ஓட்டிப் போவாள். நிறுத்திவிட்டு, சைக்கிளை விரித்து, பிரேக்கை விடாமல் பிடித்தபடி சரிவில் இறங்குவாள். மறுபடி ஒரு வண்டி, மறுபடி ஒரு இறக்கம். இருட்டுவதற்குள் பத்து. மேட்டுத் தெருவில் அவளைச் ‘சைக்கிளம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கார் ஓட்டுவது அவளுக்கு வேலை. யோசிப்பதெல்லாம் சைக்கிளில் இறங்கும்போது. நாலு வருஷமாக அவள் மனசில் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருந்தது. இது நல்லதா, கெட்டதா? சொந்தக் காரை விற்றவர்கள் வீட்டு வாசலில் இப்போது பிள்ளைகள் பந்து ஆடுகிறார்கள். புருஷன் காரைத் தொடக்கூட விடாத பெண் ஒருத்தி நாற்பத்தைந்து வயதில் லைசென்ஸ் எடுத்து, இப்போது ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றுகிறாள். அதெல்லாம் ஒரு தட்டில். மறு தட்டில், முன்னால் ஓட்டினவன் தின்ற ரொட்டித் தூள், ஆறடி ஆள் பின்னுக்குத் தள்ளி வைத்த சீட்டு, வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற நாதியில்லாத கண்ணாடி. எல்லாருடைய வண்டி என்றால் துடைக்க மட்டும் ஒருத்தரும் வருவதில்லை.

இருந்தாலும் போன வருஷம் வரை நல்ல தட்டுதான் தாழ்ந்திருந்தது. அந்த நம்பிக்கையில்தான் தன் அக்காவின் காரை விற்க வைத்தாள்.

அக்காவைப் பெரியவள் என்றே வைத்துக்கொள்வோம். மேட்டுத் தெருவில் நாலாவது வீடு. திரைச்சீலை தைக்கிறவள். பெரியவள் புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பதினாலு வருஷத்துக் கார் ஒன்று அவர்களிடம் இருந்தது. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். “எதுக்கு அக்கா இந்த ஓட்டை டப்பா? தினம் உன் வாசல்ல நாலு வண்டி கொண்டு வந்து விடறேனே” என்று சின்னவள் ஒற்றைக் காலில் நின்றாள். விற்றார்கள். அத்தான் மட்டும் கடைசியாக அதன் முன்பக்கத்தை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போனார்.

விற்ற ஆறாவது மாதம் அவர் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்தார்கள். செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் காலை நீட்டி மடக்கப் பயிற்சி. ஊன்றுகோலோடு பஸ் ஏற முடியாது. ஆனால் ஒரு நாளும் அவர்களுக்கு வண்டி கிடைக்காமல் போனதில்லை. நாம் கொண்டுவந்து விடுகிற வண்டி நம் அத்தானுக்கு உதவுகிறதே என்று சின்னவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரு திங்கட்கிழமை வேட்டு வைத்தார்கள். கம்பெனி மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“அக்கா, நீங்க மேட்டுக்குப் பத்து வண்டி கொண்டு போறீங்க. அதுல நாலு காலைல ஒன்றரை மணி நேரம் சும்மா நிக்குது.”

“சும்மாவா? எல்லாம் போயிடுதே சார்.”

“போகுது, ரொம்ப லேட்டா. புக் பண்றாங்க, எடுக்காம விட்டுடறாங்க. இருபது நிமிஷம் புக் பண்ணி வெச்சுக்க இலவசம்னு விட்டோம்ல, அதுல விளையாடறாங்க. கணக்குல அது சவாரியாவே வராது. வண்டி தூங்கினதாத்தான் வரும்.” திரையில் இன்னொரு இடத்தைத் தொட்டார். “இதைப் பாருங்க. மேட்டுத் தெருவை ஒட்டின படிக்கட்டுச் சந்துலேர்ந்து ஒருத்தர் தினம் காலை ஆறு மணிக்கு வண்டி தேடியிருக்கார். பத்தொன்பது நாள். ஒரு நாள்கூடக் கிடைக்கல. அப்புறம் தேடறதையே விட்டுட்டார்.”

“யார் சார் அது?”

“பேரெல்லாம் எனக்குத் தெரியாது, வெறும் புள்ளிதான். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணணும். இப்படியே போனா மேட்டுத் தெருவை எல்லையிலேர்ந்து எடுத்துடுவோம். தண்ணித் தொட்டிக்கு மேல வண்டி எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.”

சின்னவளுக்கு முதலில் அத்தான் ஞாபகம்தான் வந்தது. எல்லை இறங்கினால் அத்தான் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவார்? காரை விற்கச் சொன்ன வாய் யாருடைய வாய்?

மறுநாள் செவ்வாய். விடிந்தும் விடியாமலும் மேட்டுத் தெருவுக்குப் போய், மூடிக் கிடந்த சலூன் படியில் உட்கார்ந்தாள். எதிரே நாலு வண்டிகள். நாலிலும் சிவப்பு. ஒருத்தரும் கிட்டே வரவில்லை. ஆறு மணி அடிக்கிற நேரம், அக்கா வாசலில் நின்ற வண்டியில் விளக்கு ஒரு நொடி பச்சையாகி, மறுபடி சிவப்பானது. அதே நேரம் எதிர்வீட்டு மாடியில் கையில் போனோடு இரட்டைப் பிள்ளைக்காரி ஜன்னல் திரையைச் சரக்கென்று இழுத்து மூடினாள். ஆறு இருபதுக்கு மறுபடி ஒரு பச்சை, ஒரு சிவப்பு. இந்தத் தடவை ஓய்வு பெற்ற தபால்காரர் தன் வீட்டுத் திரையை இழுத்தார். திரை எல்லாம் அக்கா தைத்துக் கொடுத்தவை.

எழுந்து நேரே அக்கா வீட்டு அடுப்படிக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செவ்வாய், ஐந்து நாற்பது, சலூன்காரர். ஆறு, இரட்டைப் பிள்ளைக்காரி. ஆறு இருபது, தபால்காரர். இப்படி ஏழு இருபது வரைக்கும் ஆளுக்கு இருபது நிமிடம். பக்கத்தில் மற்ற மூன்று வண்டிக்கும், கீழே மற்ற நாட்களுக்கும், அந்தந்த வீட்டின் தேவைப்படி அதே மாதிரி முறை போட்டிருந்தது.

“என்ன அக்கா இது?”

பெரியவள் பாலை இறக்கிக்கொண்டே சிரித்தாள். “கண்ணு தெரியலையா? ஒரே ஆளு திரும்பத் திரும்பப் பிடிச்சு வெக்க விடமாட்டேங்குது உங்க போனு. அதான் தெருவே முறை போட்டுட்டோம். என் முறைக்கு அவங்க பிடிச்சுக் குடுப்பாங்க, அவங்க முறைக்கு நான். எட்டு மாசமா ஒரு நாள் தப்பலையே.”

“தபால்காரருக்குக் கார் ஓட்டவே பயமாச்சே.”

“ஓட்டத்தான் பயம். பிடிச்சு வெக்கறதுக்கு என்ன பயம்? லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம் கழிச்சு இப்பதான் அது உபயோகமாச்சுன்னு மனுஷன் பூரிச்சுப் போயிருக்கார்.”

சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்காத நகரத்தில் ஒரு தெருவே ஒரு கால் ஊனத்துக்காக அதிகாலையில் எழுந்து விரலை நீட்டுகிறது. அந்த விரல்தான் அந்தத் தெருவின் வண்டியைத் தட்டிவிடப் போகிறது. மேனேஜர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். படிக்கட்டுச் சந்துக்காரரையும் சொன்னாள்.

பெரியவளின் முகம் சுண்டியது. ஆனால் அவள் லேசில் இறங்குகிறவள் இல்லை.

“அதுக்கு?”

“அதுக்கு, பிடிச்சு வெக்கறதை நிறுத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி ஓடறது கணக்குல தெரியணும்.”

“வியாழக்கிழமை பெரிய டாக்டர் வர்றார். மாசத்துக்கு ஒரு தடவை வர்ற ஆளு. எட்டுலேர்ந்து எட்டரை வரைக்கும்தான் பார்ப்பார். காலை மறுபடி கிழிக்கணுமா வேண்டாமான்னு அன்னிக்குத்தான் சொல்லுவார். அன்னிக்குப் போய் வண்டியை ஊரு பார்க்க விடச் சொல்றியா?”

“எல்லாருக்கும் பொதுவான வண்டிக்கா.”

“பொது. விக்கச் சொன்னப்போ இந்தப் பொதுவை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? என் வாசல்ல விடறேன்னுதானே சொன்னே?”

சின்னவள் சொன்னது உண்மைதான். வாசலில் விடுகிறேன் என்றாள். உனக்காக நிற்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவள் காதில் இரண்டும் ஒன்றாகத்தானே விழும்?

உள் அறையிலிருந்து அத்தான் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்தார். அதிகம் பேசாத மனுஷர்.

“விட்டுடு” என்றார்.

“நீங்க சும்மா இருங்க.”

“எட்டு மாசமா வண்டியில ஏறின உடனே நான் வெளிய பார்க்கறதில்ல. மடியைத்தான் பார்த்துட்டுப் போறேன். ஏன்னு எனக்கே தெரியல. இப்ப தெரியுது. விட்டுடு.”

பெரியவள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். பிறகு ஃப்ரிட்ஜிலிருந்த தாளை உரித்து நாலாக மடித்தாள். “தெருக்காரங்க கிட்ட நான் சொல்லிக்கறேன். வியாழக்கிழமை வண்டி கிடைக்கலன்னா, அடியே, உன் முகத்துல முழிக்க மாட்டேன்.”

வியாழனன்று சின்னவள் காலை ஷிஃப்டை மாற்றி வாங்கிக்கொண்டு திடலில் நின்றாள். ஆறரைக்குள் மேட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. வெள்ளைத் தொப்பியும் மாவு ஒட்டிய சட்டையுமாக ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி. தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேர். பாட்டுச் சத்தத்தோடு ஒருவர். இவர்களில் யாராவது படிக்கட்டுச் சந்திலிருந்து வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள். யார் முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஏழு பத்துக்குப் போன் அடித்தது.

“நாலும் போச்சு. மனசு குளிருதா உனக்கு?” என்றாள் பெரியவள்.

“மேட்டுக்கு ஏழரைக்கு ஒரு வண்டி கொண்டு வரணும்னு வேலைச் சீட்டுல இருக்கு. வர்றேன்.”

“எனக்கா?”

“மேட்டுக்கு.”

போன் வைக்கப்பட்டது.

ஓட்டிக்கொண்டு போகிற வழி முழுக்கச் சின்னவளின் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. அக்கா வாசலில் வண்டியை நிறுத்தும் முன்பே ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அவள் அமுக்கிவிடுவாள். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் சொந்தக்காரிக்காக ஒரு தடவை சாடை காட்டினால், தெரு செய்ததற்கும் தான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

ஏழு முப்பத்திரண்டுக்குத் தெரு முனையில் நிறுத்தினாள். அங்கே ஏற்கெனவே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு ஆள் போனும் கையுமாக நின்றிருந்தார். நாலு வீடு தள்ளி வாசலில் பெரியவள், பக்கத்தில் ஊன்றுகோலோடு அத்தான். பெரியவளின் கண் போனில் இல்லை. தங்கை முகத்தில் இருந்தது. இப்போதா, என்று அந்தக் கண் கேட்டது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு டிக்கியைத் திறந்து சைக்கிளை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். பச்சை எரிந்தது. அடுத்த நொடி சிவப்பு.

சட்டைக்காரர் வண்டியை நோக்கி நடந்தார்.

பெரியவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களிடம் தவிர வேறு யாரிடமும் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கேட்டறியாதவள். தெருக்காரர்கள் திரை இழுத்ததுகூட, அவளும் அவர்களுக்கு இழுப்பாள் என்பதால்தான். அப்படிப்பட்டவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் விடுவிடுவென்று போனாள்.

“சார், எதுவரைக்கும் போறீங்க?”

“ஸ்டேஷன் வரைக்கும்மா.”

“எங்களுக்கு அதைத் தாண்டி ஆஸ்பத்திரி. எட்டு மணிக்கு டாக்டர். இவருக்குக் கால் சரியில்ல.” செருகிய முந்தானையை மறுபடியும் செருகிக்கொண்டு, “எங்களையும் ஏத்திக்க முடியுமா?” என்றாள்.

அவர் ஊன்றுகோலைப் பார்த்தார். “இதுக்கு ஏம்மா தயங்கறீங்க? ஏறுங்க. ஸ்டேஷன்ல நான் இறங்கி விட்டதும், உள்ள உக்காந்தபடியே நீங்க அமுக்கிடுங்க. வண்டி உங்க பேருக்கு மாறிடும். நீங்களே ஓட்டிட்டுப் போயிடலாம்.”

அத்தான் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். பெரியவள் ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். வண்டி சின்னவளைத் தாண்டிப் போனது. பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தான் பார்த்தார், கையைக்கூட ஆட்டினார்.

டாக்டர் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். மறுபடி கிழிக்க வேண்டாம் என்றார். ஆனால் மூன்று மாதத்துக்கு ஏணிப் பக்கமே போகக்கூடாது, பயிற்சியை ஒரு நாளும் விடக்கூடாது என்றார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் மலர்ந்த முகத்தோடு இருந்தார். “அக்கா, நேத்து ஒரே நாள்ல மேட்டு வண்டி எல்லாம் ஏழுக்குள்ள ஓடிடுச்சு. என்ன மாயம்?”

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சின்னவளால் முடியவில்லை. ஒரு நாள் ஓடியதை வைத்து முடிவெடுத்தால் அடுத்த வாரம் வேறு யாராவது முறை போடுவார்கள், மறுபடி எல்லைப் பேச்சு வரும். திரையையும் தாளையும் இருபது நிமிடத்தையும் சொன்னாள். “ஆரம்பிச்சது எங்க அக்கா சார். வண்டியை விக்கச் சொன்னது நான்.”

மேனேஜர் பேனாவை மேசையில் உருட்டினார். “மேட்டுக்காரங்களுக்கு வண்டி வேண்டாம்னு நினைச்சேன். வேணும்னு தவிச்சுத்தான் இப்படிப் பண்ணியிருக்காங்க.” எல்லையை மூன்று மாதத்துக்குத் தொட வேண்டாம் என்று எழுதினார். பிடித்து வைப்பது இனி பத்தே நிமிடம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “மத்தவங்க பேரு எனக்கு வேண்டாம். ஆனா ஆரம்பிச்சவங்க பேரை நீங்களே சொல்லிட்டீங்க. அவங்க கணக்கை ஒரு மாசம் நிறுத்தி வெக்காம இருக்க முடியாதுக்கா.”

அதையும் சின்னவளே போய்ச் சொன்னாள். பெரியவள் தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். ஐந்து நாள் பேச்சில்லை. அத்தான் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லியும் சலூன்காரர் தன் போனில் எடுத்த வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு நாள் வண்டி கிடைக்காமல் பயிற்சியும் போயிற்று.

அந்த ஐந்து நாளும் சரிவில் இறங்கும்போது சின்னவள் நினைத்துப் பார்த்தாள். படிக்கட்டுச் சந்துக்காரருக்கு இந்த வண்டி நல்லது. சட்டைக்காரருக்கு நல்லது. ரொட்டிக் கடைக்காரிக்கு நல்லது. இன்று கிடைக்காவிட்டால் அவர்கள் பஸ்ஸைப் பிடிப்பார்கள், முகம் சுளிப்பார்கள், மறந்துவிடுவார்கள். தப்பவே கூடாத நேரம் ஒன்று உள்ள வீட்டுக்கு மட்டும் இது போதாது. அந்த வீட்டையும் மற்ற வீட்டையும் ஒரே தராசில் நிறுத்தியதுதான் தான் செய்த தப்பு. விற்கச் சொல்லும்போதே, தப்பக் கூடாத ஒரு நேரம் நாளைக்கு வந்தால் என்ன செய்வாய் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஆறாம் நாள் காலை போன் வந்தது.

“அடியே, இன்னிக்கு உனக்கு என்ன ஜோலி?”

“மதியம் வரைக்கும் ஒண்ணும் இல்லக்கா.”

“ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கார் விலைக்கு வருது. சலூன்காரர் பாதி, நான் பாதி. செவ்வாய், வியாழன், சனி எனக்கு. மத்த நாள் அவருக்கு. பார்த்து எடுக்கணும். இன்ஜின் சத்தம் கேட்டா உனக்குத்தான் தெரியும்.”

“சரிக்கா. அங்க எப்படிப் போறது?”

“எப்படிப் போறதா? என் போனைத்தான் முடக்கிப் போட்டியே. உன் போனை எடு. வாசல்ல ஒண்ணு பச்சையா நிக்குது.”

போனார்கள். சின்னவள் ஓட்டினாள், பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பாலம் தாண்டியதும், “இதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஜம்முனுதான் போகுது” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். விற்கிறவர் வீட்டு முன்னால் வண்டியை விட்டார்கள். பழைய காரின் மூடியைத் திறந்து, சத்தம் கேட்டு, கீழே குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்து, விலையை இழுத்துப் பேசி வாங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர்கள் வந்த வண்டியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

“பார்த்தியா, எங்கேயோ போயிடுச்சு” என்றாள் பெரியவள்.

“போகட்டும்க்கா. திரும்பிப் போறதுக்கு அது நமக்கு வேண்டாமே.”

பெரியவள் யோசித்தாள். போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி. சொந்தக் காரிலேயே வந்திருந்தால் இப்போது ஆளுக்கொரு கார் ஓட்டிக்கொண்டு தனித்தனியாகத் திரும்பியிருப்பார்கள். உதட்டோரம் சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டு, வாங்கிய காரின் ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தாள். சின்னவள் அடுத்த பக்கம் ஏறிக் கதவை இழுத்தாள்.

“மெதுவா சாத்துடி” என்றாள் பெரியவள். “இதை விட்டுட்டு நடந்து போக முடியாது.”